சால்வைக்குள் போன மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் எந்த மனிதனும் தன்னுடையதைத் தவிர உலகத்திலுள்ள மற்ற எல்லா மோட்டார் சைக்கிள்களையும் காதலிப்பான். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் வட்டுக்கோட்டைச் சந்தியில் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் நாங்கள் மூன்று பேர் கூடுவோம். (அந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களே அந்த மூன்று பேர்தான். ஆனாலும் உலக மகாநாடு நடப்பது போலத்தான் கதைப்போம்.) பேச்சு எப்போதும் ஒன்றுதான்: இருக்கிற சனியனைத் தலைமுழுகிவிட்டு அடுத்ததாக எதைப் பிடிக்கலாம்?

தங்கராசா வாத்தியாரின் வண்டி தோல் பட்டியில் ஓடுவது. மழை பெய்தால் பட்டி நனைந்து வழுக்கும். இயந்திரம் ஓடும், வாத்தியார் நிற்பார். அவருக்குச் சங்கிலி பூட்டிய வண்டி வேண்டும். ஆசுபத்திரி அப்போத்திக்கரி ஐயாவின் வண்டிக்குச் சங்கிலிதான். அது அவருடைய வேட்டியைக் கரை உட்படத் தின்றுவிடும். அவருக்குச் சங்கிலியே இல்லாத ஏதோ ஜெர்மன் வண்டி வேண்டுமாம்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த என்னுடையது, ஊர் திரும்பிய ஒரு துரையிடம் வாங்கியது. பக்கத்தில் வள்ளம் போல ஒரு பெட்டி பூட்டியிருக்கும். "நெடும்பயணத்துக்கு இதைப் போல வராது" என்று துரை சொல்லித் தந்தார். பொய்யில்லை. எந்தப் பயணமும் அதில் நெடும்பயணமாகிவிடும். மானிப்பாய்க்குப் போய் வருவதற்குள் தாடி வளர்ந்துவிடும்.

எனக்கு வேண்டியது நீர்வேலியில் இருந்தது. வாழைத்தோட்டக்காரர் கந்தப்பரின் தம்பி மலாயாவிலிருந்து கொண்டு வந்து, பிறகு அண்ணனின் மாட்டுக்கொட்டிலில் விட்டுப்போன சிவப்பு வண்டி. அமெரிக்கன். இரட்டைச் சிலிண்டர். பெட்டி கிடையாது, பின்னால் ஒரு சின்ன இருக்கை மட்டும்.

அந்தச் சின்ன இருக்கையில்தான் என் உயிரே இருந்தது. எனக்குப் பண்டத்தரிப்பில் கலியாணம் பேசி நாளும் வைத்தாயிற்று. பெண் மனோன்மணி. அவளுடைய தமக்கை கலியாணம் முடிந்து கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனபோது, வண்டில் மாடு நடுத்தெருவில் படுத்துவிட்டதாம். புதுப்பெண் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து போனாளாம். அதைப் பார்த்த மனோன்மணி சபதமே எடுத்துவிட்டாள். அவளுடைய தம்பி குமாரு வந்து சொன்னான்.

"அத்தான், அக்கா சொல்லிப்போட்டா. மாட்டு வண்டிலிலை ஏறவே மாட்டாவாம். மோட்டார் சைக்கிளிலை எண்டால்தான் வருவாவாம்."

எனக்குச் சந்தோசத்தில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அன்றிரவு படுத்து யோசித்தேன். பக்கப்பெட்டியில் அவள் இருந்தால் அவள் ஒரு கரை, நான் ஒரு கரை. தபால் பொதி மாதிரித்தான் வந்து சேருவாள். பின் இருக்கை என்றால்? விழாமலிருக்க என்னைப் பிடிக்கத்தானே வேண்டும்! (வயது இருபத்துநாலு. மன்னிக்க வேண்டும்.) கலியாணத்துக்கு முன் வண்டியை மாற்றியே தீருவதென்று முடிவு கட்டினேன்.

தங்கராசாவைப் பக்கப்பெட்டியில் ஏற்றிக்கொண்டு நீர்வேலிக்குப் போனேன். கோட்டு, கழுத்துப்பட்டி, தோல்தொப்பி, பெரிய கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு போனேன். கந்தப்பருக்கு என் வண்டியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவர் பார்த்தது வண்டியையல்ல, பெட்டியை.

"இதுக்குள்ளை எத்தினை வாழைக்குலை அடுக்கலாம், தம்பி!"

கலியாணம் வருகிறது, வண்டி மாற்ற வந்திருக்கிறேன் என்றேன். காரியம் பழம் என்று நினைத்தேன். ஆனால் கந்தப்பர் தன் வாழ்நாளில் மாட்டைத் தவிர வேறெதையும் விற்றதோ மாற்றியதோ இல்லை. மாடு மாற்றுவது எப்படியோ அப்படித்தான் மோட்டார் சைக்கிளும் என்று நின்றார். உடனே மாட்டுத் தரகர் வல்லிபுரத்துக்கு ஆள் போனது.

வல்லிபுரம் வந்து என் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இருக்கையைத் தடவினார். முன்விளக்கைப் பிடித்து ஆட்டி, பல்லுப் பார்ப்பது போலக் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு பின்சில்லை ஒரு தட்டுத் தட்டி, "சுழி பிழையில்லை" என்றார். தங்கராசா சிரிப்பை அடக்க இருமினார்.

பிறகு வல்லிபுரம் தோளிலிருந்த சால்வையை எடுத்தார். மாட்டுப் பேரம் வாயால் நடப்பதில்லை. சால்வைக்குள் தரகரின் கையும் மற்றவரின் கையும் போகும். விரலைப் பிடித்து, அமத்தி, விட்டு, எல்லாம் விரலாலேயே முடியும். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் கந்தப்பரின் கையோடு ஏதோ நெடுநேரம் நடந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பிக்கு உந்தக் கைப்பேச்சுத் தெரியுமோ? இல்லாட்டிச் சொல்லித்தாறன்."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. தங்கராசா பார்த்துக்கொண்டு நிற்கிறார், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்கிறார்கள், நானோ கழுத்துப்பட்டி கட்டிய கச்சேரிக் கிளாக்கர்.

"தெரியாமல் என்ன? எங்கடை வீட்டிலையும் மாடு நிண்டதுதானே" என்றேன். (நின்றது பசு. அதுவும் எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே செத்துப்போனது.)

சால்வைக்குள் கையை விட்டேன். வல்லிபுரம் என் ஆட்காட்டி விரலைப் பிடித்து இழுத்தார். பேரத்தில் அவசரம் காட்டக்கூடாது என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்தார். நான் தூரத்து வாழைகளைப் பார்த்தேன். "அட!" என்று வாய்க்குள் சொன்னார். மனிதர் என்னை மதிக்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக அவர் என் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் பெருவிரலால் ஒரு கோடு இழுத்தார். எனக்குச் சிறுவயதிலிருந்தே உள்ளங்கையில் கூச்சம். "ஹீ ஹீ" என்று குதிரை போலக் கனைத்து, அந்த மனிதரின் கையை என் முழுப் பலத்தோடும் பொத்திப் பிடித்துவிட்டேன்.

சால்வை விலகியது. "பொருந்திப்போச்சு!" என்று வல்லிபுரம் கத்தினார். எல்லாருக்கும் சந்தோசம். கந்தப்பர் என் கையில் ஒரு கயிற்றைத் தந்தார். வண்டி வழியில் நின்றால் கட்டி இழுப்பதற்காக்கும், நல்ல மனிதர், என்று நினைத்து நன்றி சொன்னேன். பிறகு கயிறு எங்கே போகிறதென்று பார்த்தேன். அதன் மறு நுனியில் ஒரு சோடிக் காளைகள் நின்றன.

"இது... என்ன?"

"நீங்கள் கேட்ட சோடி" என்றார் வல்லிபுரம். "முதல் விரல், வண்டிக்கு வண்டி. வேண்டாமெண்டு நிண்டியள். ரெண்டாவது, வண்டியும் கலியாண வீட்டுக்குத் தேவையான வாழைக்குலையும். அதுக்கும் அசையேல்லை. உந்தச் சிவப்புச் சாமான் தம்பிக்குப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். பிறகுதான் மாட்டைக் கேட்டனான். சிரிச்சுக்கொண்டு பொத்தினியளே! என்ரை சீவியத்திலை ஒருத்தரும் இவ்வளவு ஆசையாப் பொத்தினதில்லை."

அட கோதாரியே! நான் உயிரை விட்ட சிவப்பு வண்டியை, அதுவும் வாழைக்குலையோடு, கம்பீரமாக இரண்டு தரம் வேண்டாமென்றிருக்கிறேன்! கைப்பேச்சுத் தெரியாதென்று இப்போது சொல்லலாமா? சொன்னால் பொய்யன். சொல்லாவிட்டால் வண்டியைக் கொடுத்து மாடு வாங்கிய விசரன். விசரனாகவே இருந்துவிட்டேன். சால்வைக்குள் கொடுத்த கையைத் திருப்பி எடுப்பது அந்தப் பகுதியில் நடவாத காரியம். கந்தப்பர் அதற்குள் ஒரு வாழைக்குலையைப் பக்கப்பெட்டிக்குள், மனோன்மணி இருக்கவேண்டிய இடத்தில் இருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கராசா என்னைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். "நான் பஸ்ஸிலை வாறன்" என்று சொல்லிவிட்டு ஓடியே போனார். சிநேகிதர்!

கோட்டும் தோல்தொப்பியும் கண்ணாடியுமாக, காளைச் சோடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உரும்பிராயில் தெருவில் விளையாடிய பிள்ளைகள் எனக்குப் பின்னால் ஊர்வலம் வந்தார்கள். மானிப்பாய்ச் சந்தையடியில் யார் நிற்க வேண்டும்? என் வருங்கால மாமனார்!

"தம்பி, மோட்டார் சைக்கிள் எங்கை?"

கயிற்றைக் காட்டினேன். "இதுதான் மாமா."

அவர் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைக் கீழே வைத்து, தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த நாள் குமாரு வந்தான்.

"அத்தான், அக்கா சொல்லிவிட்டவ. மாடு பிடிக்கப் போன ஆளைக் கட்டுறதோ விடுறதோ எண்டு யோசிக்கிறாவாம். மோட்டார் சைக்கிள் வராட்டிக் கால்மாறி வரவே மாட்டாவாம்."

நீர்வேலிக்கு ஓடிப்போய்க் கந்தப்பரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நல்ல மனிதர். கலியாணத்தன்று பெட்டியோடு வண்டியைக் கொண்டு வந்து, பெண்ணைத் தானே ஏற்றிப்போய் விடுவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் மனோன்மணி மணவறைக்கே வந்தாள்.

தாலி கட்டி, பந்தி முடிந்தது. எங்கள் பக்கத்து முதியவர்களைக் கொண்டு வந்த வண்டில் வாசல் படலையடியில் நின்றது. அதில் பூட்டியிருந்தவை அந்தக் காளைகள்தான். கொம்புக்குக் குஞ்சம், கழுத்துக்கு மாலை. கந்தப்பரும் சொன்னபடி வந்துவிட்டார். மனோன்மணி பக்கப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே முழுவதும் வாழைக்குலையிலிருந்து வடிந்த கயர்! கறுத்துப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. வாழைக்கயர் சேலையில் பட்டால் சேலை கிழியும்வரை போகாது. அதுவும் கூறைச்சேலை!

"இதுக்குள்ளை எப்பிடி இருக்கிறது?" என்று பெண்கள் எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஐயர் கத்தினார். மனோன்மணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே என் கோட்டு கருகியிருக்க வேண்டும். பிறகு போய் மாட்டு வண்டிலில் ஏறினாள். நானும் ஏறினேன்.

"சாகிறவரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவன்" என்றாள். கலியாணத்துக்குப் பிறகு என் மனைவி என்னோடு பேசிய முதல் வசனம் அது.

வண்டில்காரன் வெற்றிலை வாங்க இறங்கிய நேரம் பார்த்து குமாரு சீனவெடிக் கோர்வையைக் கொளுத்தினான். அந்தக் காளைகளைப் பற்றி வல்லிபுரம் சொல்ல மறந்த விசயம் ஒன்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவை சவாரி மாடுகள்! வெடிச் சத்தம் கேட்டால் பந்தயம் தொடங்கிவிட்டதென்று அர்த்தம். வாலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன பாருங்கள்! வண்டில்காரன் வெற்றிலையோடு ஒழுங்கையில் நின்றான். மேளகாரர் வேலிக்கு மேலால் பாய்ந்தனர். தெருவில் போன யாரோ ஒருவரின் காரைத் தாண்டினோம். எங்களை மறிக்க வந்த கந்தப்பரின் மோட்டார் சைக்கிளையும் தாண்டினோம். என்னுடைய பழைய வண்டிதானே, அதற்கென்ன அவசரம்!

"ஐயோ, பிடியுங்கோ, பிடியுங்கோ!" என்று கத்தினேன். நான் சொன்னது மாட்டை. மனோன்மணி பிடித்தது என்னை. இரண்டு கையாலும், மூச்சு முட்ட, நான் எந்தப் பின் இருக்கையிலும் கனவு காணாத இறுக்கத்தில் பிடித்தாள். ஆரத்தித் தட்டோடு நின்ற எங்கள் வீட்டாரையும் வீட்டையும் தாண்டி, வட்டுக்கோட்டை வயல்வெளிக்குள் போய்த்தான் காளைகள் நின்றன.

அவள் தலையில் ஒரு பூவில்லை. கொண்டை முதுகில் கிடந்தது. அழப்போகிறாள் என்று பயந்துகொண்டு திரும்பினேன். சிரிக்கிறாள்! கண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"இஞ்சாருங்கோ, திருப்பியும் ஒருக்கா விடுங்கோ" என்றாள்.

பிறகு நான் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களை வாங்கலாமென்று பேச்சை எடுத்தேன். "எங்கடை மாட்டை முந்துமோ?" என்று கேட்பாள். முந்தாது என்று ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் சொன்ன சொல்லையும் அவள் மறக்கவில்லை. எங்கள் மகளின் கலியாணத்தில் தாரை வார்க்கும் நேரம். மகளின் கையைப் பிடித்து மருமகனின் கையில் கொடுக்கப் போகிறேன். சபை முழுவதும் அமைதி. பக்கத்திலிருந்து மனோன்மணியின் குரல்:

"தம்பி, பிள்ளையின்ரை கையைக் கெதியா வாங்கும். உந்தாள் பொத்தினாரெண்டால் பிறகு மாடுதான் கிடைக்கும்."

ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார். மருமகன் மிரண்டுபோய் இரண்டு கையாலும் வாங்கினார். இன்றைக்கும் நான் அவருக்கு எதைக் கொடுத்தாலும், "மேசையிலை வையுங்கோ மாமா, எடுக்கிறன்" என்கிறார்.