தூக்குக்குண்டு அமைச்சர்

பாறையைக் கல்லாக்கி, கல்லை ஊராக்கியவர்கள் ஆண்ட நாடு செங்கோணபுரி. அவர்களின் வழிவந்த ஆட்சியாளர்கள் கல்லைத் தொட்டதில்லை என்றாலும், கொத்தனார்களின் கருவிகளையே பதவிச் சின்னங்களாக வைத்திருந்தார்கள். செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், நியாயத்தின் அடையாளமாக, மன்னருக்கு. எல்லோரும் சமம் என்று காட்டும் ரசமட்டம் முதலமைச்சர் மகிபாலருக்கு. சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு, நேர்மையின் சின்னமாக, நெசவாளர் தெரு தேர்ந்தெடுத்து அனுப்பிய அமைச்சர் பூரணவல்லிக்கு.

அவர் பதவியேற்ற அன்று சின்னங்கள் யாவும் தங்கத்தில் வார்க்கப்பட்டன. புனிதமானவற்றைச் சுண்ணாம்புக் கையால் தொடுவது அவமதிப்பு என்பதால், நாட்டிலுள்ள கொத்தனார்கள் தங்கள் கருவிகளை ஒப்படைத்துவிட்டுக் கண்ணளவிலேயே கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. பூரணவல்லியும் ஆதரித்துக் கை தூக்கினார். கழுத்தில் புதுத் தங்கம் குளிர்ச்சியாக இருந்தது.

சுவர்கள் சாயத் தொடங்கின. மக்கள் முறையிட்டார்கள். அரண்மனையை நோக்கிச் சாயும் சுவர் பணிவுள்ள சுவர் என்றும், எதிர்ப்பக்கம் சாய்வது ராஜதுரோகம் என்றும் அடுத்த ஆணை விளக்கியது. பயந்தவர்கள் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். முட்டுக்கொடுப்பது அரசின் மேல் அவநம்பிக்கை காட்டுவதாகும் என்று கட்டைகளும் பறிமுதலாயின.

நெசவாளர் தெருவில் புதிதாகக் கட்டிய பள்ளிக்கூடத்தின் சுவர் பிள்ளைகள் விளையாடும் பக்கம் சாய்வதாகத் தாய்மார்கள் வந்து சொன்னபோதுதான் பூரணவல்லி அவையில் எழுந்து பேசினார். மகிபாலர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அம்மையீர், தாங்கள் தரையில் நின்று பார்த்திருக்கிறீர்கள். இந்த இருக்கையின் உயரத்திலிருந்து பார்த்தால் சுவர் நேராகவே இருக்கிறது" என்றார். அவை மேசையைத் தட்டி ஆமோதித்தது.

பூரணவல்லி அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஏணி கேட்டு வாங்கி ஏறினார். கழுத்துச் சங்கிலியில் கிடந்த குண்டைக் கழற்றி, யாரோ கொடுத்த பாவுநூலில் கட்டிச் சுவரின் உச்சியிலிருந்து இறக்கினார். மேலே சுவரை ஒட்டித் தொடங்கிய நூல், அடியில் ஒரு முழம் விலகி ஆடி நின்றது. அதைப் பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளைகளை வெளியேற்றிய கையோடு அவரே வாசலை அடைத்தார். அந்த வாரத்து மழையில் சுவர் விழுந்தது. ஒரு பலகையும் சில சிலேட்டுகளும்தான் நொறுங்கின.

பிள்ளைகள் பிழைத்ததற்கு மன்னரின் கருணையே காரணம் என்று அவை நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு பூரணவல்லியின் குற்றத்தை மகிபாலர் வாசித்தார்.

"சின்னத்தைக் கருவியாகப் பயன்படுத்தியிருக்கிறார். இதற்கு முன் இந்நாட்டில் யாரும் துணியாத செயல் இது."

பதவி பறிபோனது. அவருக்குப் பின் வந்தவருக்கும் அதே தங்கக் குண்டுதான் தரப்பட்டது. ஆனால் இனி அதில் நூல் கோக்க முடியாதபடி துளையை அடைத்து, ஊசியால் சட்டையில் குத்திவிட்டார்கள்.

பூரணவல்லி வீடு திரும்பியபோது அழ நேரமிருக்கவில்லை. தெருப் பெண்கள் நூலில் கூழாங்கல்லைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். வீடு வீடாகப் போனார்கள். சில வீடுகளில் ஆட்களை உடனே வெளியேறச் சொல்ல வேண்டியிருந்தது.

செய்தி அரண்மனையை எட்டியது. கல் கட்டிய நூல் அனைத்தையும் கைப்பற்ற ஆணை வந்தது. அவை வாசலில் உருவிய வாளோடு நிற்கும் காவலர் ஏகாம்பரத்தை அனுப்பினார்கள். அவர் தெருவுக்குள் வந்ததும் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். பூரணவல்லி மட்டும் எதிரே போய் நூலை நீட்டினார்.

ஏகாம்பரம் வாங்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாளை உறையில் போட்டார்.

"எங்க வீட்டுச் சுவத்துலயும் ஒருதடவ புடிச்சுப் பாத்துட்டு அப்புறமா குடுங்கம்மா" என்றார் தணிந்த குரலில். "கைக்குழந்த இருக்கு."