விக்னராஜாவுக்குக் கோடினேற்றர் பார்த்த படலம்

ஆவுஸ்திரேலியாவில ஒரு மனிசனுக்குக் கை கால் ஏலாமல் போனால் அரசாங்கம் அவனைச் சும்மா விடாது. தெரிவு செய்யும் உரிமையைக் கையில குடுத்துப்போட்டுத்தான் மற்ற வேலை பாக்கும். போன வருசம் ஸ்ரோக் வந்து என்ர இடது கையும் காலும் விழுந்தவுடன அந்த உரிமை எனக்கும் வந்து சேர்ந்தது.

எனக்கு வேண்டினது அதில்லை. கிரான்பர்னில எங்கட வீட்டு வாசலில ரெண்டு படி. அதுக்கு மேல ஒரு சாய்வுப் பலகை போட்டால் சில்லுக்கதிரையோட தெருவுக்கு இறங்கிவிடுவன். மூண்டாம் வீட்டுக் கதிர்காமநாதன்ர கராஜில சனிக்கிழமை தவறாமல் முன்னூற்றிநாலு எண்ட காட்ஸ் விளையாட்டு. இருபது வருசமா நான் இல்லாமல் காட்ஸ் குலைச்சதில்லை. எங்கட வீட்டில விளையாடலாமெண்டால், சாமிப்படம் இருக்கிற வீட்டில காட்ஸ் கூடாதெண்டு என்ர மனிசி யோகராணி சொல்லிப்போட்டா. கதிர் வந்து, "தூக்கிக்கொண்டு போறம் வாடா" எண்டான். நான் என்ன பிணமோ தூக்க? மாட்டனெண்டன். எட்டு மாதம் போச்சுது. என்ர இடத்தில, எத்தினை எடுப்பனெண்டு கேள்வி கேக்கவே தெரியாத ஒருத்தனைப் பிடிச்சு இருத்தியிருக்கிறாங்களாம். அதைக் கேள்விப்பட்ட அண்டைக்கு, வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், அழுதனான்.

பலகைக்கு விண்ணப்பிச்ச அரசாங்க அலுவலகத்துக்குப் போன் எடுத்தன். ஒரு பிள்ளை நல்ல பணிவாக் கதைச்சுது.

"உங்கட பலகைக்கு அனுமதி கிடைச்சிட்டுது, வாழ்த்துக்கள். ஆனால் அதைச் செய்விக்க ஒரு சப்போட் கோடினேற்றர், அதுதான் ஒருங்கிணைப்பாளர், வேணும்."

"அவர் பலகை அடிப்பாரோ?"

"இல்லை. பலகை அடிக்கிறவரைத் தேடித் தருவார்."

"அப்ப நல்ல கோடினேற்றர் ஒராளைச் சொல்லுங்கோ பிள்ளை."

"சொல்லக் கூடாது. சொன்னால் உங்கட தெரிவு செய்யும் உரிமை பாதிக்கப்படும்."

"தெரிவு செய்ய ஆர் உதவி செய்வினம்?"

"அது கோடினேற்றரின்ர வேலை."

போனை வைச்சிட்டன்.

அலுவலகத்தில இருந்து கோடினேற்றர்மாரின்ர பட்டியல் ஒண்டு வந்தது. இருநூற்றிப் பதினாலு பேர். பாதி எங்கட ஆக்கள். ஒரு காலம் எங்கட சனம் முழுக்க வீடு வித்தது. பிறகு முழுக்க வீட்டுக்கு லோன் எடுத்துக் குடுத்தது. இப்ப எல்லாரும் கோடினேற்றர். டார்னெய்ட்டில டான்ஸ் பழக்கின ரீச்சரும் பட்டியலில நிக்கிறா. எங்கட வீட்டுக் குசினிக்கு அலுமாரி அடிச்ச தச்சுவேலைக்காரனும் நிக்கிறான். சந்தோசத்தோட அவனுக்குப் போன் எடுத்தன். "அங்கிள், இப்ப நான் சுத்தியல் தொடுறேல்லை. சுத்தியல் தொடுறவையை ஒருங்கிணைக்கிறது மட்டும்தான்" எண்டான்.

"இதை என்னட்டை விடுங்கோ," எண்டா யோகராணி. "சகோதரங்களின்ர பிள்ளையள் மூண்டு பேருக்குக் கலியாணம் பேசி முடிச்ச எனக்கு இதெல்லாம் ஒரு வேலையோ?"

தெரிவுக் குழு கூடியது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் யோகராணிதான். நான் பார்வையாளர்.

"இளங்கீரன் எண்டு ஒரு பெடியன் இருக்கிறான், எங்கட ஊர்தான்," எண்டன்.

"ஊர்க்காரன் வேண்டவே வேண்டாம். இண்டைக்கு வீட்டுக்கு வந்தானெண்டால் நாளைக்கு உங்கட கால் விழுந்த கதை டொரொன்ரோவில நிக்கும்."

"ஒரு வெள்ளைக்காரி இருக்கிறா."

"அவ வாறதெண்டால் வீடு முழுக்க ஆர் ஒட்டறை அடிக்கிறது?"

"சிவகௌரி?"

"டிவோர்ஸ் எடுத்தவ."

"பலகைக்கும் டிவோர்ஸுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

"வீட்டுக்குள்ள வாற ஆள். நாலையும் பாக்கத்தானே வேணும்."

ஏழு கிழமையால மிருணாளினி எண்டொரு பிள்ளை தேறிச்சுது. பிறந்தது கொழும்பு, படிச்சது சிட்னி, எங்கட ஆக்களில ஒருத்தரையும் தெரியாது. பத்துப் பொருத்தத்தில ஒன்பது பொருந்திச்சுது எண்டு யோகராணி சொன்னா. பத்தாவது, அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை தெரியுமோ எண்டது. அதை ஒருத்தரும் கேக்கேல்லை.

அந்தப் பிள்ளை எங்களைப் பாக்க வந்த நாள் வீடு கலியாண வீடாட்டம் இருந்தது. சில்லுக்கதிரை கராஜுக்குள்ள போச்சுது. எனக்குப் பட்டு வேட்டி கட்டி, திருநீறு பூசி, சோபாவில இருத்தியாச்சு. மேசை நிறைய றோல்ஸும் பற்றிஸும்.

"அங்கிளுக்கு நடக்க ஏலுமோ அன்ரி?" மிருணாளினி பேனையை எடுத்துது.

"ஐயோ, நல்லா நடப்பார். கடவுள் புண்ணியத்தில ஒரு குறையுமில்லை."

"தானே குளிப்பாரோ?"

"விடிய அஞ்சு மணிக்கு, பச்சைத் தண்ணியில!"

நான் யோகராணியைப் பாத்தன். அவ றோல்ஸைப் பாத்தா.

பிள்ளை என்ர பக்கம் திரும்பிச்சுது. "படி இறங்குவீங்களோ அங்கிள்?"

இந்தக் கேள்வியிலதான் என்ர பலகை இருக்குது. "ஏலாது பிள்ளை" எண்டு ரெண்டே ரெண்டு சொல்லுச் சொன்னால் போதும். ஆனால் பட்டு வேட்டியோட இருக்கிற ஆம்பிளை ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால அதைச் சொல்லுறதோ?

"ரெண்டு ரெண்டா இறங்குவன்," எண்டன்.

மூண்டு கிழமையில கடிதம் வந்தது. "பங்குபற்றுநர் வியத்தகு முன்னேற்றம் கண்டு, படிகளில் இரண்டிரண்டாக இறங்கும் வல்லமை பெற்றுள்ளமையால், சாய்வுப் பலகைக்கான அனுமதி மகிழ்ச்சியுடன் மீளப் பெறப்படுகிறது."

நான் வாய் திறக்கிறதுக்கு முன்னம் மிருணாளினி போன் எடுத்துது. "அங்கிள், எங்கட கொம்பனியில இப்பிடி ஒராளும் தேறினதில்லை! வாற சனிக்கிழமை விழாவில உங்களுக்கு விருது."

இப்பவாவது உண்மையைச் சொல்லியிருக்க வேணும். ஆனால் யோகராணி அதுக்கிடையில நாலு நாட்டுக்கும் செய்தி அனுப்பிப்போட்டா. எனக்கும் விருது எண்டவுடன உள்ளுக்க ஒரு குளிர்ச்சி. நான் ஏன் பொய் சொல்லவேணும்?

சனிக்கிழமை கதிரும் அவன்ர மருமகனும் என்னைக் கதிரையோட தூக்கிப் படி இறக்கிச்சினம். விருதுக்குத் தூக்கிறது வேற, சும்மா தூக்கிறது வேற. விழா மண்டபத்துக்குச் சனம் வர முன்னம் முன்வரிசையில என்னை இருத்தி, சில்லுக்கதிரையைக் கார் டிக்கிக்குள்ள ஒளிச்சாச்சு.

"தனித்தியங்கும் மாமனிதர் விக்னராஜா மேடைக்கு வருக!" மேடைக்கு நாலு படி. "இண்டைக்குக் கால் கொஞ்சம் விறைப்பு" எண்டன். யோகராணி ஏறி விருதை வாங்கினா. மண்டபம் முழுக்கக் கோடினேற்றர்மார், ஒரு நாப்பது பேர் இருக்கும். கை தட்டிப்போட்டு வரிசையில வந்து, ஆளுக்கொரு விசிற்றிங் காட் என்ர வலது கையில தந்துபோட்டுப் போச்சினம்.

கடைசி ஆளும் போனாப் பிறகுதான் கதிரும் மருமகனும் என்னைக் காரில ஏத்திவிட்டு முன்னால போச்சினம். வீட்டுக்கு வர அஞ்சரை மணி. தெருவில கதிர்காமநாதன்ர கராஜ் திறந்திருக்குது. அவன் எங்களுக்கு முன்னமே வந்து காட்ஸ் குலைக்கிறான். விழாவுக்கு வந்த சனத்தில பாதி அங்கதான், சுத்தி நிண்டு பாக்குது.

யோகராணி காரை நிப்பாட்டினா. "இஞ்சேருங்கோ, இப்ப வெளியிலதானே நிக்கிறியள். படியுமில்லை ஒண்டுமில்லை, மட்டமான ரோட்டு. சில்லுக்கதிரையை இறக்கட்டோ? அங்க போய் ஒரு ஆட்டம் போட்டிட்டு வாங்கோவன்."

பத்து மாதத்துக்கு மேலா நான் கேட்டது இதைத்தான்.

"விசரே உமக்கு?" எண்டன். "விருது வாங்கின மனிசன் சில்லுக்கதிரையில போறதோ? சனம் என்ன நினைக்கும்? இருட்டட்டும். ஒருத்தரும் இல்லாத நேரம் வீட்டுக்குள்ள போவம்."

"அதுவும் சரிதான்," எண்டு சொல்லிக் கார்க்கண்ணாடியை ஏத்திவிட்டா.