மதர்போர்டிலிருந்து வந்த தந்தி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் அநேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். கம்ப்யூட்டர் சுகமில்லை.

போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனில் "சரி மாமா, சரி மாமா" என்றே முடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். நான் உள்ளே தூசி தட்டினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. அத்தை எழுதி முடித்த நாவல் அதற்குள் கிடக்கிறது, வேறெங்கும் பிரதி கிடையாது, பதிப்பகத்தார் மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறார்கள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவாயில்லைங்க, மறுபடி எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரே சத்தம் போட்டுச் சொல்லும் என்று நீங்கள் அனுப்பிய பஸ்ஸர் வந்தது. சட்டைப் பொத்தான் அளவு, இரண்டு ஒயர். "உள்ள மதர்போர்டு ஓரத்துல ஸ்பீக்கர்னு போட்டிருக்கும் மாமா, அந்த நாலு கம்பியில செருகுங்க, எத்தனை தடவை கத்துதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றீர்கள். போட்டிருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருக்கிறது. அத்தை டார்ச் பிடிக்க, நான் பூதக்கண்ணாடியோடு குனிந்து, பவர் பட்டன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் இதைச் செருகிவிட்டேன். பட்டனை அழுத்தினால் காற்றாடிகூட அசையவில்லை. இருந்ததும் போச்சு! பிறகு அதை அதனிடத்திலும் இதை இதனிடத்திலும் மாற்றியதும் பஸ்ஸர் வாய் திறந்தது: ஒரு நீளம், இரண்டு குட்டை.

என் சர்வீஸ் முழுக்கத் தந்தி ஆபீசில் கழிந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் தந்தி பாஷையில் நாலாவது ஆங்கில எழுத்து, 'டி'. எழுதிக்கொண்டேன். அடுத்த எழுத்துக்குக் காத்திருந்தால் மறுபடியும் 'டி', அதன்பின்னும் 'டி'. செய்தி எங்கோ மாட்டிக்கொண்டது என்று நினைத்து, 'திருப்பி அனுப்பு' என்று பவர் பட்டனிலேயே தட்டினேன். நீளமாக அழுத்த வேண்டிய எழுத்து வந்ததும் பட்டென்று அணைந்துவிட்டது. பேச்சின் நடுவே லைனைத் துண்டிக்கிற யந்திரத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஏங்க, மாப்பிள்ளை எண்ணச் சொன்னாரா, படிக்கச் சொன்னாரா?" என்றாள் அத்தை. அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். பழகின காது எண்ண மாட்டேன்கிறதே!

ஆகவே லீவு போட்டு உடனே கிளம்பி வாருங்கள். நான் கூப்பிட்டதாக அத்தைக்குத் தெரிய வேண்டாம். மகளுக்கு என் அன்பு. இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: வர வேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தை உங்களுக்குப் போன் போட்டுவிட்டாளாமே. நீங்கள் சொன்னபடி திரைக்கான கார்டைக் கழற்றி அழுத்திச் செருகினாள். ஒரே ஒரு குட்டைச் சத்தம், திரை வந்துவிட்டது. நாவல் பத்திரம், பதிப்பகத்துக்கும் போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது. திறந்துதானே இருக்கிறது என்று முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கணவன் இரண்டாம் பக்கத்திலேயே செத்துப்போகிறான். காரணம் சொல்லவில்லை. மூன்றாம் பக்கத்திலிருந்து மனைவி ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள். எதற்கும் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.