இன்னும் முப்பது துடுப்பு

‘எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்’ என்றொரு மனித இனம் உண்டு. அதைத் தேடி நீங்கள் காடு மேடெல்லாம் அலைய வேண்டாம். மீன்வள அலுவலகத்தின் மரபணு ஆய்வுக்கூடத்தில், கடைசி மேஜையில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். துடைத்தது போதுமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் துடைப்பார்.

அவரிடம் வந்த கேள்வி ஒன்றே ஒன்று. ஏரியிலேயே கிடக்கும் மீனும், மழைக்காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடும் மீனும் ஒரே குடும்பமா, வேறு வேறா? பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. வேறு என்றால், மழைக்காலம் இரண்டு மாதமும் ஆற்றில் வலைக்குத் தடை போட வேண்டும். போடாவிட்டால் ஆற்று மீன் பூண்டோடு போய்விடும். மீனின் துடுப்பு நுனியில் அரிசியளவு கத்தரித்து, மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கத்தரித்ததை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, மரபணுவைப் படித்தால் பதில் வந்துவிடும். வந்தது. முப்பது மீனும் ‘வேறு’ என்றே சொல்லின.

மனிதர் நிம்மதியாக இருந்துவிடுவாரா?

“முப்பது போதுமா?” என்றார்.

அறுபது வந்தது. வேறு. நூற்றிருபது. வேறேதான்! வீட்டிலும் இதே கதைதான். மகள் கல்லூரிக்குப் போகிறாள்; பெயர் வைக்க இன்னும் இரண்டு பட்டியல் பார்க்க வேண்டியிருந்ததால், சான்றிதழிலும் அவள் ‘பாப்பா’தான்.

குப்பி கொண்டுவரும் படகுக்காரர் கெஞ்சிப் பார்த்தார்.

“சார், நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா எல்லாரும் வலையை மடிச்சு வெச்சிடுவோம். ஊரே போடறப்ப நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?”

“எழுதிடலாம்பா. இன்னும் ஒரு முப்பது மட்டும்.”

மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் படகுக்காரர் முப்பது குப்பிகளை மேஜைமேல் வைத்தார். முப்பதும் காலி.

“ஆத்துல ஒண்ணுகூட ஏறல சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. பாவம், அந்த மீன்களின் மேல் அவருக்கு உயிர். படகுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாமா?”

இந்த ஓர் ஆளை வைத்துக்கொண்டு ஓர் இனத்தையே எடைபோடலாமா, இன்னும் நாலு பேரைக் காட்டினால் நம்பலாம் என்றுதானே யோசிக்கிறீர்கள்? வாருங்கள், உட்காருங்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுக்குத்தான்.