உக்காரு அண்ணனின் சுருக்குப் பை

ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் குரைக்கிற நாய்களைவிட உட்காருகிற நாய்களே அதிகம். அதற்கு முழுப் பொறுப்பும் ஒரே ஒரு மனிதருடையது.

ஏலக்காய்க் கடையில் சரக்குப் பார்த்துவிட்டு நீங்கள் தெருவில் இறங்குவீர்கள். எதிரே ஒரு நாய் வரும். உங்கள் கையை ஒருமுறை மோந்து பார்க்கும். பிறகு, இன்ஸ்பெக்டர் வந்த நாளில் முதல் பெஞ்சுப் பிள்ளை உட்காருவதுபோல, முதுகை நிமிர்த்தி உங்கள் முன்னால் உட்கார்ந்துவிடும். வெளியூர் வியாபாரிகளுக்கு இது பெரிய கிலி. "கடிக்கிற நாய்னா ஓடலாம்யா. இது என்ன எதிர்பார்க்குதுன்னே தெரியலையே" என்று ஒரு மதுரைக்காரர் பஸ் ஸ்டாண்டில் நின்று புலம்பியது என் காதில் இன்னும் இருக்கிறது.

காரணகர்த்தாவுக்குப் பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. ‘உக்காரு’ அண்ணன், அவ்வளவுதான். மலை மேலே ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் நாய் பார்த்துக்கொண்டிருந்தவர். துரை கப்பலேறியபோது நாய்களைக் கூட்டிக்கொண்டு, ஒரு காக்கி அரை டிரவுசரை மட்டும் இவருக்கு விட்டுப் போனார். துரை நல்ல பருமன் போலிருக்கிறது. அந்த டிரவுசருக்குள் அண்ணன் ஒருவர் தாராளமாகக் குடித்தனம் செய்யலாம். சணல் கயிற்றால் அதை இடுப்பில் நிறுத்தியிருப்பார். கயிற்றில் ஒரு சுருக்குப் பை. பைக்குள் நாய்களுக்கான தேங்காய்ச் சில்லு. அவர் வாய்க்குள், பீடியை விட்ட நாளிலிருந்து, எந்நேரமும் ஒரு ஏலக்காய்.

மெல்லிய குரல். எதையும் ஒரு தடவைதான் சொல்வார். நாயிடம் மட்டுமில்லை. டீக்கடையில் கட்டிப்புரளப் போன இரண்டு சுமையாட்களிடம் ஒருநாள் "உக்காருங்கப்பு" என்றார். உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தபிறகு சண்டையை எங்கே விட்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை.

நான் அப்போது ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டைகளுக்கு மார்க்கு எழுதுகிற சோலியில் இருந்தேன். இருபத்திரண்டு வயது. சாக்கின்மேல் மை காய்வதற்குள் மனசு குரங்கணி மலை மேகத்துக்குப் போய்விட்டு வந்துவிடும். எங்கள் முதலாளியின் சரக்குக் கிட்டங்கியிலிருந்து ஏலக்காய் பிடிப்பிடியாகக் காணாமல் போகத் தொடங்கியது. அவர் சிலமலையிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து, சிப்பாய் என்று பெயர் வைத்து, உக்காரு அண்ணனுக்கு ஆளனுப்பினார். குட்டிக்குக் கறுப்பு உடம்பு, ஒரு கால் மட்டும் சுண்ணாம்பில் மிதித்ததுபோல வெள்ளை.

"இந்த வெள்ளாமை முடியறதுக்குள்ள காவல் காக்கணும். இல்லேன்னா லோடு ஜீப்புல ஏத்தி மேல காட்டுல விட்டுருவேன். வேல செய்யாததுக்கு எதுக்குச் சோறு?"

மேலே காட்டில் சிறுத்தை உண்டு. முதலாளி சொன்னதைச் செய்கிற ஆள்.

அண்ணன் குட்டியைப் பார்க்கவேயில்லை. வீட்டு ஆட்களை வரிசையாக நிற்கச் சொன்னார். "எங்க, ஒவ்வொருத்தரா உக்காருன்னு சொல்லுங்க."

முதலாளியின் சம்சாரம் குனிந்து, "உக்காரு ராசா, என் கண்ணுல்ல, ஆத்தா சொன்னாக் கேக்கணும்ல" என்றார்.

"ஆத்தா, நீங்க அதுக்குக் கத சொல்றீங்க. ஒத்த வார்த்த போதும்."

முதலாளி பத்துத் தடவை கத்தினார். பத்தாவதில் குட்டி உட்கார்ந்தது. "பாத்தியா?" என்றார் பெருமையாக.

"பாத்தேன் மொதலாளி. பத்தாவதுலதான் உக்காரணும்னு படிச்சிருச்சு. ஒம்போது வரைக்கும் அதுக்கு லீவு."

பிறகு அவர் காட்டினார். தேங்காய்ச் சில்லை மூக்குக்கு நேரே பிடித்து, மெல்லத் தலைக்கு மேலே பின்பக்கமாக நகர்த்தினார். மூக்கு மேலே போக, பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கியது. இறங்குகிற அந்த நொடியில் "உக்காரு" என்றார். சில்லு வாய்க்குள் போனது. அடி கிடையாது, அதட்டல் கிடையாது. ஒரு சொல்லுக்கும் ஒரு முதுகெலும்புக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நூல் ஒன்று கட்டப்படுவதை நான் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன்.

அடுத்தது ‘வா’. அதை முதலாளி முதல் நாளே கெடுத்து வைத்திருந்தார். செருப்பைக் கடித்ததற்காக "சிப்பாய், வா" என்று அன்பாகக் கூப்பிட்டு அறைந்திருந்தார். அன்றிலிருந்து அவர் குரல் கேட்டாலே குட்டி தராசுக்கு அடியில் போய்விடும்.

"கூப்பிட்டு அடிச்சா எப்படி மொதலாளி? அடுத்த தடவ நீங்க கூப்பிட்டா நானே வரமாட்டேன்."

‘இரு’ பழக்கத்துக்கு நான்தான் தொந்தரவு. குட்டி அசையாமல் உட்கார்ந்திருக்க, நான் சிரட்டையை உருட்ட வேண்டும், குதிக்க வேண்டும், தவழ வேண்டும். முதலாளி வாசலில் வந்து நின்று, "மார்க்கு எழுத வச்சேன், மரத்துக்கு மரம் தாவுறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

வெள்ளாமை முடியும் தறுவாயில் ஒரு நண்பகல், பரீட்சை. சிலமலையிலிருந்து முன்பின் தெரியாத ஆள் ஒருவரைப் பிடித்து, கிட்டங்கியின் பின்வாசல் வழியாக ஏலக்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார் முதலாளி. அந்த ஆள் கும்பிட்டுவிட்டு ஓடினார். சிப்பாய் உறுமிக்கொண்டு பாய்ந்தது. பாதி தூரத்தில் மூக்கைத் தூக்கியது. உறுமல் நின்றது. சுற்றி வந்து அவருக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஏதாவது தருவார் என்று மேலே பார்த்தது.

திருடன், பாவம், "நான் ஓடவா, நிக்கவா?" என்று கேட்டார். முதலாளி ஒருவரைத் தவிர எல்லாரும் சிரித்தோம்.

"காலையில ஜீப்பு வருது" என்றார் அவர்.

அண்ணன் வருத்தப்படவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். புதுப் பூச்சியைக் கண்டவர்போல நாயின் எதிரே குத்தவைத்துவிட்டார். மிளகாய் மண்டிக்காரரைக் கூப்பிட்டு மிளகாய் மூட்டையைத் தூக்கி நடக்கச் சொன்னார். சிப்பாய் ஊரையே கூட்டிக் குரைத்தது. அவர் வேட்டியில் ஒரு முழம் போனது. அதே ஆள் கையில் நாலு ஏலக்காயைக் கொடுத்தார். நாய் உட்கார்ந்தது.

எல்லாரும் கலைந்தபிறகு அண்ணன் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். "மோந்து பாரு மாப்ளே."

தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே, வாயில் போடுவதற்கு அவர் வைத்திருந்த ஏலக்காய்கள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு சில்லும் அந்த வாசத்தோடுதான் ஒவ்வொரு நாயின் வாய்க்கும் போயிருந்தது.

"நான் சொல்லித்தான் உக்காருதுன்னு நெனச்சேன்" என்றார். "இது சொல்லியிருக்கு."

ஊர் நாய்கள் எல்லாம் ஊர்க்காரர்களுக்கு மரியாதை செய்த ரகசியம் அந்தப் பைக்குள் இருந்தது. அதை அவரும் நானும் அவிழ்த்துப் பார்த்தோம்; வேறு யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் பெயர் பிழைக்கும். நாய் காட்டுக்குப் போகும்.

காலையில் ஜீப்பு வந்து நின்றது. அவரிடம் நாய் பழக்கிய ஆட்கள் பாதிப்பேர் டீக்கடையில் இருந்தார்கள். அண்ணன் தெரு நடுவில் நின்று, பையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"நாய் மேல குத்தமில்ல மொதலாளி. படிச்சதத்தான் செஞ்சுது. நாந்தான் என்ன சொல்லிக் குடுக்குறோம்னு தெரியாமலே சொல்லிக் குடுத்திருக்கேன்."

டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தினார். "அப்ப எங்க வீட்டு நாய் திருடனுக்கும் உக்காருமாண்ணே?"

"ஏலக்காயத் தொட்டிருந்தான்னா உக்காரும் அப்பு."

"இந்த ஊர்ல ஏலக்காயத் தொடாத திருடன் எவன் இருக்கான்?"

தெருவே சிரித்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"அப்ப நாய்க்குப் பதிலா ஒன்ன ஏத்தவா?" என்றார் முதலாளி.

"ரெண்டு பேத்தையும் ஏத்துங்க. சொல்லிக் குடுத்தவன் கீழ இருந்துட்டு, படிச்சது மட்டும் மேல போறது நல்லால்ல."

ஏறினார். "வா" என்றார், ஒரே தடவை. சிப்பாய் தாவி ஏறியது. "உக்காரு" என்றார். அது உட்கார்ந்தது. வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த டிரைவரும் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தார்.

சில மாதம் கழித்து ஒரு சோலியாகக் குரங்கணிக்குப் போனேன். மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் அண்ணன் காவலாளி என்றார்கள். பாதை திரும்புகிற இடத்திலேயே குரைப்புச் சத்தம் சரிவில் உருண்டு வந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கால். பல் தெரியப் பாய்ந்து வந்த சிப்பாய், என் கையருகே வந்து நின்றுவிட்டது. என் கை ஏலக்காய்க் கடைக் கை. பழைய பாடமும் புதுப் பாடமும் அதன் மூக்குக்குள் முட்டிக்கொள்வதைப் பார்த்தேன். ஒருமுறை குரைத்தது. பிறகு உட்கார்ந்தது.

அண்ணன் செடிகளுக்கு நடுவிலிருந்து வந்தார். அதே டிரவுசர். "மூணு மாசச் சோலிய ஒரு நொடியில கெடுத்துட்டியே மாப்ளே" என்று சொன்னாரே தவிர, முகம் விளக்குப்போல இருந்தது. "கொரைச்சுட்டு உக்காருது பாத்தியா? இத நான் சொல்லிக் குடுக்கவே இல்ல." குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுக்கு நடுவே அவர் வாய்க்குள் எதையோ ஒதுக்கினார். நெல்லிக்காய். பீடியை மறக்கப் பிடித்த ஏலக்காயை, நாய்க்காக விட்டிருந்தார். சுருக்குப் பையை அவிழ்த்தார். வெறும் தேங்காய் வாசம். சிப்பாய்க்கு ஒரு சில்லு, எனக்கு ஒரு சில்லு.

இப்போது வேறு ஊரில், வேறு மேசையில், எங்கும் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து நடக்கிறவன் நான். வீட்டில் யாராவது டீக்கு ஏலக்காய் தட்டினால் மட்டும், வந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்கிறேன். ‘உக்காரு’ என்று ஒரு தடவைகூட யாரும் சொல்வதில்லை.