புது மெஷினுக்கு மூத்த கங்காணி

1987-இல் மலேசியாவின் ஈப்போவில் மதிப்புள்ள அலுவலகம் எதுவும் கம்ப்யூட்டர் இல்லாமல் இருக்கக் கூடாது என்றாகிவிட்டது. எனவே தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கமும் ஒன்றை வாங்கி, கண்ணாடி அறை கட்டி, குளிர்சாதனம் பொருத்தி, வாசலில் 'செருப்பைக் கழற்றவும்' என்று பலகை மாட்டியது. தட்டெழுத்தர் மங்களத்தின் தலைக்கு மேலிருந்த மின்விசிறி மட்டும் பழையபடி சுற்றாமலே இருந்தது.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியிருந்தது. மாதக் கடைசியில் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிடுவார்கள். அதற்குள் நாற்பத்திரண்டு குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் மேலிடத்துக்குப் போனால் மாற்று வீடு; போகாவிட்டால் சாலையோரம். பட்டியல் கம்ப்யூட்டரில் அச்சடித்ததாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்தின் புதிய கட்டளை.

அந்தத் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டி ஓய்ந்த நல்லம்மாள் திங்கள்தோறும் பஸ் ஏறி வந்துவிடுவாள்.

"என்னா மங்களம், எங்க பேரு போயிருச்சா?"

"மெஷினே இன்னும் தொறக்கல அக்கா."

தாமதத்துக்குக் காரணம், கம்ப்யூட்டர் விற்ற ஷரபுதீன் கேட்ட கேள்வி. வந்திருப்பது புத்தம்புது புரோசசர்; அதற்கு எந்த ஓப்பரேட்டிங் சிஸ்டம் போடலாம்? நிர்வாகக் குழு கூடியது. மங்களம் குறிப்பெடுத்தாள்.

"அது என்னா சாமான்?" என்றார் தலைவர் ஐயாவு.

"புரோசசரு பால்மரம் வெட்டுற ஆளு மாதிரிங்க. எந்த நிரை, எத்தன மரம்னு சொல்ற கங்காணிதான் ஓப்பரேட்டிங் சிஸ்டம்."

ஷரபுதீன் செய்த தவறு அது ஒன்றுதான். தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்த செயலாளர் கார்த்திகேசு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆளு எப்ப வந்தான்?"

"போன வருஷங்க."

"கங்காணி?"

"இந்த ஆளுக்குன்னே வந்தது. இந்த வருஷம்."

"நேத்து வந்தவன் முந்தாநாள் வந்தவனுக்கு உத்தரவு போடுறதா? எந்தத் தோட்டத்துல நடந்திருக்கு? மூத்தது இல்லியா?"

"எழுபத்தஞ்சு வாக்குல வந்தது ஒண்ணு இருக்கு. ஆனா அது பேசுறது இந்த ஆளுக்குப் புரியாது லா!"

"வெள்ளக்காரத் தொர பேசுன இங்கிலீசு எங்கப்பாவுக்குப் புரிஞ்சுச்சா? வேல நடக்கலியா?" என்றார் தலைவர்.

பணிமூப்பின் அடிப்படையில் பழையதே நியமிக்கப்படுவதாக ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்து, மெஷினுக்குச் சந்தனமிட்டு விசையைத் தட்டினார்கள். திரை இருட்டாகவே இருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

"புது ஆளு, கூச்சப்படுது," என்றார் செயலாளர். ஆறு மாதத் தகுதிகாண் காலம் வழங்கப்பட்டது.

"ஐயா, மாசக் கடைசிக்கு மூணு நாள்தான் இருக்கு," என்றாள் மங்களம்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கு லா, மங்களம்," என்றார் அவர்.

மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போன வேளையில் மங்களம் கண்ணாடி அறைக்குள் போனாள். ஓரமெல்லாம் துளை போட்ட கம்ப்யூட்டர் காகிதத்தை எடுத்துவந்து தன் தட்டெழுத்துப் பொறியில் செருகி, நாற்பத்திரண்டு பெயர்களையும் அடித்து அனுப்பினாள். மேலிடத்தில் எழுத்தைப் பார்க்கவில்லை, துளையைப் பார்த்தார்கள். பட்டியல் ஏற்கப்பட்டது. 'நவீனமயமாதலில் முன்மாதிரி' என்று சங்கத்துக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

நல்லம்மாள் மல்லிகைச் சரத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இருண்ட திரைக்குச் சூட்டிக் கும்பிட்டாள்.

"மவராசன், என் பேர மறக்கலியே!"

மங்களம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் பட்டியல் செல்லாது. மூடிக்கொண்டாள்.

யாரும் பார்க்காதபோது மெஷின் வேலை செய்கிறது என்று குழு முடிவுக்கு வந்தது. கூச்சம் தெளிந்ததால் பணி நிரந்தரமாயிற்று. அது இவ்வளவு நன்றாக அடிக்கும்போது தட்டெழுத்தர் எதற்கு என்ற கேள்வியும் எழுந்து, அதற்கும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

செயலாளர் அவளுடைய பணிநீக்கக் கடிதத்தின் வரைவை அவள் மேசையில் வைத்தார்.

"இத கம்ப்யூட்டர்லயே அடிச்சிரும்மா. மதிப்பா இருக்கும்."

மங்களம் துளை போட்ட காகிதம் ஒன்றை எடுத்துத் தன் பொறியில் செருகினாள். ஒரு பிழையும் இல்லாமல் தன் பெயரை அடித்தாள்.