புதன் பின்னேரம் சும்மா இருத்தல்

டோர்ட்மண்டில் ஒரு பயண நிறுவனம். கரீபியன் தீவொன்றுக்குப் போகும் ஜெர்மன்காரருக்குக் கலை, பொழுதுபோக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் மேலான பொறுப்பு நிலக்சிக்குக் கிடைத்திருந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி. தகுதிகாண் காலம் முடிய மூன்று மாதம்; வேலை நிலைக்குமா என்பது இந்த நிரலில்தான் தங்கியிருந்தது.

திங்கள் எண்ணெய்ப் பீப்பாயில் செய்த மேளம் அடித்தல், செவ்வாய் மீன் சுடுதல் என்று கட்டங்களை நிரப்பினாள். புதன் பின்னேரம் மட்டும் காலி. தீவிலிருந்த விடுதிக்காரர் டெஸ்மண்டை அழைத்துக் கேட்டாள். அந்த நேரம் இங்கே ஒருவரும் ஒன்றும் செய்வதில்லை, மரத்தடியில் இருப்போம் என்றார். பொய் எழுதப் பயந்த பிள்ளை, "புதன் 14.00: சும்மா இருத்தல்" என்று உள்ளதை எழுதினாள்.

பிரிவுத் தலைவி ஹோல்ட்காம்ப் அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மழை பெய்தால்?"

"உள்ளே சும்மா இருக்கலாம்."

"அதை எழுதவில்லையே."

எழுதினாள். ஆபத்து மதிப்பீடு: தூக்கம் வரக்கூடும். தேவையான பொருட்கள்: எதுவுமில்லை, கொண்டுவர மறந்தோருக்கு விடுதி வழங்கும். ஆரம்பநிலை, மேல்நிலை, முடிவில் சான்றிதழ்.

இரண்டே கிழமையில் புதன் நிகழ்ச்சிக்கு இடம் நிரம்பியது. மேளத்தை ஒருவரும் தொடவில்லை. ஆயத்தமில்லாமல் போய் அவதிப்படக்கூடாதென்று டோர்ட்மண்டிலேயே ஞாயிறு வகுப்பும் தொடங்கினார்கள்.

பிறகு டெஸ்மண்டின் முறைப்பாடு வந்தது. நாற்பது வருடமாக அதே மரத்தடியில் இருக்கும் அவருடைய மாமனாரை, பதிவு செய்யாமல் சும்மா இருந்தாரென்று நிறுவனத்தின் ஆட்கள் எழுப்பிவிட்டார்களாம். பயிற்றுநராக விண்ணப்பிக்கலாம், அனுபவச் சான்று அவசியம் என்று அம்மையார் கருணையோடு பதில் எழுதச் சொன்னார். நிலக்சிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பிழையில்லாமல் எழுதினாள்.

வேலை நிரந்தரமானது. சும்மா இருத்தல் பிரிவின் பொறுப்பாளர் அவளே. வேலை மலைபோல் குவிந்ததால் விடுமுறையை மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட்டாள்.

செய்தியைக் கேட்ட அம்மா வத்சலா, சுவரில் ஒட்டியிருந்த தங்கை கிருசாந்தியின் நேர அட்டவணையைப் பார்த்தார். தமிழ்ப் பள்ளி, வயலின், பரதம், நீச்சல், கணிதம்.

"ஞாயிறு நாலு மணிக்கு இவள் ஒண்டும் செய்யாமல் இருக்கிறாள். உங்கட வகுப்பில சேர்க்க ஏலாதே?"

"அம்மா, அங்க சொல்லிக் குடுக்கிறதே அதைத்தான்."

"ஓம், ஆனா இவளிட்ட சான்றிதழ் இல்லையே. பிறேமாவின்ர மகள் மேல்நிலைக்குப் போயிட்டாளாம்."

நிலக்சி பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்தாள். அட்டவணையில் மிஞ்சியிருந்த ஒரேயொரு காலிக் கட்டமும் நிரம்பியது.